ஆள், பணம், பயன்: பொது நிறுவனங்களைப் பற்றிய நாடாளுமன்றக் கேள்விகள்

ஒரு பொது நிறுவனத்தைப் பற்றி மக்கள் பிரதிநிதி அவையில் கேட்பவை பெரும்பாலும் மூன்று கேள்விகளுக்குள் அடங்கிவிடும். அங்கே எத்தனை பேர் வேலை செய்கிறார்கள்? எவ்வளவு பணம் செலவாகிறது? அதனால் மக்களுக்குக் கிடைத்தது என்ன? கேட்பதற்கு எளியவையாகத் தோன்றும் இந்த மூன்றுக்கும் நேரான பதில் பெறுவது கடினம். இந்திய நாடாளுமன்றமும் மாநிலச் சட்டமன்றங்களும் இதற்காகவே பல வழிமுறைகளை நூறாண்டுக்கு மேலாக வளர்த்து வந்துள்ளன. கேள்வி நேரம், தணிக்கை அறிக்கை, நிதிக் குழுக்கள், உறுதிமொழிக் குழு ஆகியவை அவற்றில் முக்கியமானவை. தனித்து நின்றால் இவற்றில் ஒவ்வொன்றும் வலுக்குறைந்தது. ஒன்று விட்ட இடத்தில் மற்றொன்று தொடரும்போதுதான் நிர்வாகம் கணக்குக் கொடுக்கும் நிலைக்கு வருகிறது.

யாருக்கு யார் பொறுப்பு

அமைச்சரவை கூட்டாக மக்களவைக்குப் பொறுப்புடையது என்கிறது அரசியலமைப்பின் 75(3) ஆம் உறுப்பு. மாநில அமைச்சரவை சட்டமன்றப் பேரவைக்குப் பொறுப்புடையது என்கிறது 164(2) ஆம் உறுப்பு. கேள்வி கேட்கும் உரிமைக்கு அடித்தளம் இதுவே. ஆனால் அரசின் பணம் அமைச்சகங்களின் வழியாக மட்டும் செலவாவதில்லை. ரயில்வே, அஞ்சல் போன்றவை நேரடியாக அமைச்சகத்தின் கீழ் இயங்குகின்றன. ஆயுள் காப்பீட்டுக் கழகம் (1956), இந்திய உணவுக் கழகம் (1965) போன்றவை தனிச் சட்டத்தால் பிறந்த கழகங்கள். நெய்வேலி நிலக்கரி நிறுவனம் (1956), பாரத மிகுமின் நிறுவனம் (1964) போன்றவை கம்பெனிச் சட்டத்தின் கீழ்ப் பதிவானவை. இவை தவிர, அரசு மானியத்தால் இயங்கும் ஆராய்ச்சி நிலையங்கள், வாரியங்கள், சங்கங்கள் ஏராளம்.

அமைச்சகத்தின் கீழ் உள்ள துறையைப் பற்றிய கேள்விக்கு அமைச்சரே முழுப் பொறுப்பு. கழகத்துக்கும் கம்பெனிக்கும் தனி இயக்குநர் குழு உண்டு. வணிக முடிவுகளை அரசியல் தலையீடின்றி எடுக்க வேண்டும் என்றுதான் அவை தனி அமைப்புகளாக உருவாக்கப்பட்டன. ஆகவே நிறுவனத்தின் ஒவ்வொரு செயலுக்கும் அமைச்சர் அவையில் பதில் சொன்னால் அந்தத் தன்னாட்சி பொய்யாகிவிடும். எதற்கும் பதில் சொல்லாவிட்டால், மக்களின் முதலீட்டுக்குக் கணக்குக் கேட்க ஆளில்லாமல் போகும். பொது நிறுவனங்கள் மீதான நாடாளுமன்றக் கண்காணிப்பின் வரலாறு முழுவதும் இந்த இரண்டு ஆபத்துகளுக்கும் நடுவே வழி தேடிய வரலாறுதான்.

கேள்வி கேட்கும் உரிமை வளர்ந்த விதம்

பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் பதிவான முதல் கேள்வி 1721 இல் பிரபுக்கள் அவையில் கேட்கப்பட்டது. தென்கடல் கம்பெனியின் தலைமைக் காசாளர் ராபர்ட் நைட் நாட்டைவிட்டு ஓடியதும், வெளிநாட்டில் பிடிபட்டார் என்ற செய்தி பரவியது. அது உண்மையா என்று கௌப்பர் பிரபு அரசிடம் கேட்டார். அரசின் கடனோடு பிணைந்திருந்த ஒரு கம்பெனியின் கணக்கைத் தொட்டே கேள்வி என்னும் மரபு தொடங்கியது.

இந்தியாவில் 1861 ஆம் ஆண்டுச் சட்டம் அமைத்த சட்டமன்றங்களுக்குக் கேள்வி கேட்கும் அதிகாரம் இல்லை. 1892 ஆம் ஆண்டு இந்திய கவுன்சில்கள் சட்டமே அந்த உரிமையைக் கட்டுப்பாடுகளுடன் வழங்கியது. 1893 பிப்ரவரி 16 அன்று பிங்கா அரசர் முதல் கேள்வியைக் கேட்டார். சுற்றுப்பயணம் வரும் அதிகாரிகளுக்காகப் பொருள்களைத் திரட்டும் முறையால் கிராமத்துக் கடைக்காரர்கள் படும் தொல்லையைப் பற்றியது அது. நிர்வாகத்தின் செலவு யார் தலையில் விழுகிறது என்பதே அதன் உட்பொருள். 1909 ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின், கேள்வி கேட்டவரே துணைக் கேள்வியும் கேட்கலாம் என்றானது. 1919 ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்துக்குப் பின் எந்த உறுப்பினரும் துணைக் கேள்வி எழுப்பலாம் என்றானது. எழுதி வைத்த பதிலைத் தாண்டி அரசை அழைத்துச் செல்லும் துணைக் கேள்வியே இந்த முறையின் உயிர்.

கேள்வியின் வகைகளும் விதிகளும்

மக்களவை கூடும் நாள்களில் முதல் ஒரு மணி நேரம் கேள்விகளுக்கு உரியது. மாநிலங்களவையில் 2014 முதல் நண்பகல் 12 மணிக்குக் கேள்வி நேரம் தொடங்குகிறது. நட்சத்திரக் குறியிட்ட கேள்விக்கு அமைச்சர் வாய்மொழியாகப் பதில் தருவார். துணைக் கேள்விகளுக்கும் இடமுண்டு. குறியில்லாத கேள்விக்கு எழுத்தில் பதில் வரும். துணைக் கேள்வி கிடையாது. அவசர முக்கியத்துவம் உள்ளவற்றைக் குறுகிய கால அறிவிப்புக் கேள்வியாகக் கொண்டுவரலாம். மக்களவையில் ஒரு நாள் பட்டியலில் 20 நட்சத்திரக் கேள்விகளும் 230 குறியில்லாத கேள்விகளும் இடம்பெறுகின்றன. மாநிலங்களவையில் இந்த எண்ணிக்கை 15, 160. அமைச்சகங்களை வாரத்தின் நாள்களுக்குப் பிரித்து வைத்திருக்கிறார்கள். வரும் அறிவிப்புகளுள் எதற்கு முன்னுரிமை என்பதைக் குலுக்கல் முடிவு செய்கிறது.

கேள்வி எப்படி இருக்க வேண்டும் என்பதையும் அவை விதிகள் வரையறுக்கின்றன. அது 150 சொற்களுக்கு மிகக் கூடாது. ஊகத்தையும் குற்றச்சாட்டையும் சுமக்கக் கூடாது. அமைச்சரின் அபிப்பிராயத்தைக் கேட்கக் கூடாது. நீதிமன்றத்தின் விசாரணையில் இருப்பதைத் தொடக் கூடாது. எளிதில் கிடைக்கும் நூல்களிலும் ஆவணங்களிலும் உள்ள தகவலைக் கேட்கக் கூடாது. அரசுக்கு முதன்மையாகப் பொறுப்பில்லாத அமைப்புகளின் கட்டுப்பாட்டில் உள்ளவற்றையும் எழுப்பக் கூடாது. பொது நிறுவனங்களைப் பற்றிக் கேட்பவர்கள் அடிக்கடி எதிர்கொள்ளும் தடை இந்தக் கடைசி விதிதான்.

கேள்வி ஏற்கப்பட்டதும் அமைச்சகத்தின் நாடாளுமன்றப் பிரிவு அதை உரிய நிறுவனத்துக்கு அனுப்புகிறது. நிறுவனம் தன் கிளைகளிலிருந்து எண்களைத் திரட்டித் தருகிறது. பதிலின் வரைவோடு, எழக்கூடிய துணைக் கேள்விகளுக்கான குறிப்புகளும் அமைச்சருக்காகத் தயாராகின்றன. அவையில் அந்தக் கேள்வியின் முறை வராமலே போனாலும், எழுத்துப் பதில் மேசையில் வைக்கப்பட்டுவிடும். நீண்ட நாள் திறக்கப்படாத கோப்பு ஒன்று கேள்வியின் பொருட்டுத் திறக்கப்படுவதே பல நேரங்களில் முதல் பயன்.

அன்றாட நிர்வாகம் என்ற எல்லை

பிரிட்டனில் 1947 இல் நிலக்கரியும் 1948 இல் ரயில்வேயும் நாட்டுடைமையானபோது இந்தச் சிக்கல் முதலில் கூர்மையடைந்தது. கொள்கையைப் பற்றி அமைச்சரிடம் கேட்கலாம், அன்றாட நிர்வாகம் வாரியத்தின் பொறுப்பு என்பது அரசின் நிலைப்பாடு. உறுப்பினர்கள் இதை எதிர்த்தார்கள். போதிய பொது முக்கியத்துவம் உள்ளதாயின் அத்தகைய கேள்விகளையும் அனுமதிக்கலாம் என்று அவைத் தலைவர் கிளிஃப்டன் பிரவுன் 1948 இல் தளர்வு தந்தார். 1950களின் நடுவில், நாட்டுடைமைத் தொழில்களை ஆராயத் தனித் தெரிவுக் குழுவும் அமைந்தது.

இந்திய அவைகளில் நிலைபெற்ற வழக்கமும் இதையொட்டியது. கேள்வி கொள்கையைத் தொடுகிறதா, அமைச்சர் செய்த அல்லது செய்யத் தவறிய செயலைக் குறிக்கிறதா, மேலோட்டத்தில் அன்றாட விவகாரமாகத் தோன்றினாலும் பொதுநலனைப் பாதிக்கிறதா என்று பார்க்கப்படுகிறது. ஆம் என்றால் பதில் சொல்ல வேண்டும். புள்ளிவிவரமோ விவரணையோ மட்டும் கேட்பது பொதுவாகக் குறியில்லாத கேள்வியாக ஏற்கப்படுகிறது. ஊழியர் எண்ணிக்கை, காலிப்பணியிடம், ஆண்டுச் செலவு போன்றவை பெரும்பாலும் இந்த வழியில்தான் வெளியே வருகின்றன. தனி ஒருவரின் பணியிட மாற்றமோ பதவி உயர்வோ நிராகரிக்கப்படும். ஒரே நிறுவனத்தில் நூற்றுக்கணக்கானோரின் பதவி உயர்வு ஆண்டுக்கணக்கில் முடங்கியிருந்தால் அது பொதுநலக் கேள்வியாகிவிடும். எல்லைக்கோடு எங்கே விழுகிறது என்பதை, கேள்வி எப்படி எழுதப்பட்டது என்பதே பல நேரங்களில் தீர்மானிக்கிறது.

1957: ஒரு கேள்வி எவ்வளவு தூரம் செல்லும்

ஆயுள் காப்பீட்டுக் கழகம் 1956 செப்டம்பர் 1 அன்று பிறந்தது. 245 தனியார் காப்பீட்டு அமைப்புகளின் வணிகத்தை அது ஏற்றுக்கொண்டது. லட்சக்கணக்கான குடும்பங்களின் சேமிப்பு அதன் கையில் சேர்ந்தது. 1957 ஜூனில், ஹரிதாஸ் முந்த்ரா என்ற தொழிலதிபரின் கட்டுப்பாட்டில் இருந்த ஆறு கம்பெனிகளின் பங்குகளைக் கழகம் ஏறக்குறைய 1.24 கோடி ரூபாய்க்கு வாங்கியது. கழகத்தின் முதலீட்டுக் குழுவிடம் முன்கூட்டிக் கலந்து பேசவில்லை.

அந்த ஆண்டே மக்களவையில் ராம் சுபக் சிங் இதைப் பற்றிக் கேள்வி எழுப்பினார். விஷயம் முதல் பதிலோடு முடியவில்லை. மீண்டும் கேள்விகள் வந்தன. டிசம்பர் 16 அன்று ஃபெரோஸ் காந்தி முழு விவரங்களோடு அவையில் பேசினார். அவர் ஆளுங்கட்சி உறுப்பினர். யார் முடிவெடுத்தது, எந்த நாளில் எந்த விலைக்கு வாங்கப்பட்டது, சந்தை விலையைவிடக் கூடுதலாகக் கொடுக்கப்பட்டதா, முதலீட்டுக் குழு ஏன் ஒதுக்கப்பட்டது என்று தேதியும் தொகையும் சொல்லிக் கேட்டார். நிதியமைச்சர் தமிழகத்தைச் சேர்ந்த டி. டி. கிருஷ்ணமாச்சாரி. 1958 ஜனவரியில் நீதிபதி எம். சி. சாக்ளா தலைமையில் விசாரணை ஆணையம் அமைந்து, பொதுமக்கள் முன்னிலையில் சாட்சியங்களைக் கேட்டு, பிப்ரவரியிலேயே அறிக்கை தந்தது. நிதித்துறைச் செயலாளரின் செயலுக்கு அமைச்சர் அரசியலமைப்பு முறைப்படி பொறுப்பேற்க வேண்டும் என்றது அறிக்கை. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார்.

அமைச்சர் ஒருவர் விலகியதே இந்த நிகழ்வில் அதிகம் நினைவுகூரப்படுகிறது. ஆணையம் வகுத்த நெறிகள் அதைவிட நீண்ட பயன் தருபவை. தன்னாட்சிக் கழகங்களின் செயல்பாட்டில் அரசு தலையிடக் கூடாது. தலையிட வேண்டியிருந்தால் எழுத்தில் உத்தரவிடும் பொறுப்பிலிருந்து நழுவக் கூடாது. அமைச்சர்கள் நாடாளுமன்றத்திடம் உண்மையைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும் என்றது அது. பொதுநலன் சார்ந்த கொள்கை விஷயங்களில் மத்திய அரசு எழுத்தில் தரும் வழிகாட்டுதலைக் கழகம் பின்பற்ற வேண்டும் என்று 1956 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 21 ஆம் பிரிவு முன்பே சொல்லியிருந்தது. தொலைபேசியிலும் நேரிலும் வாய்மொழியாகச் செல்லும் உத்தரவுக்குப் பொறுப்பாளியைக் கண்டுபிடிக்க முடியாது. எனவே பொது நிறுவனத்தைப் பற்றிய எந்த ஆய்விலும் இன்றளவும் முதலில் கேட்க வேண்டியது, உத்தரவு எழுத்தில் இருக்கிறதா என்பதே.

முதற்கேள்வி: எத்தனை பேர்

ஊழியரைப் பற்றிய கேள்விக்கு மூன்று எண்கள் தேவை: அனுமதிக்கப்பட்ட பணியிடங்கள், பணியில் இருப்போர், காலிப்பணியிடங்கள். மத்திய அரசுத் துறைகளைப் பற்றி 2022 இல் நாடாளுமன்றத்தில் தரப்பட்ட பதில் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 2021 மார்ச் 1 நிலவரப்படி அனுமதிக்கப்பட்டவை 40,35,203. பணியில் இருந்தோர் 30,55,876. காலியாக இருந்தவை 9,79,327. ஏறத்தாழ நான்கில் ஒரு நாற்காலி காலி. எழுத்துப் பதிலில் வந்த இந்த எண்களே வேலைவாய்ப்பு பற்றிய பொது விவாதத்துக்கு அடிப்படையாயின.

ஆனாலும் காலியிட எண் மட்டும் முழு உண்மையைச் சொல்லாது. ஆள் நியமனத்தாலும் காலியிடம் குறையும்; பணியிடத்தையே ஒழித்துவிட்டாலும் குறையும். இரண்டையும் பிரித்தறிய, அனுமதிக்கப்பட்ட பணியிடங்களின் எண்ணிக்கையை ஐந்து அல்லது பத்து ஆண்டுகளுக்குக் கேட்க வேண்டும். நிரந்தர ஊழியர் குறைந்து ஒப்பந்தப் பணியாளரும் தினக்கூலிகளும் வெளிமுகமை வழி வருவோரும் கூடியிருந்தால், சம்பளத் தலைப்பில் குறைந்த தொகை ஒப்பந்தச் செலவில் மறைந்திருக்கும். பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோருக்கான பின்னடைவுக் காலியிடங்களைத் தனியே கேட்காவிட்டால் மொத்த எண்ணில் அவை கரைந்துவிடும். மேல்மட்டத்தையும் விட்டுவிடக் கூடாது. தலைவர் பதவியைக் கூடுதல் பொறுப்பாக ஒருவர் பார்த்துவரும் நிறுவனத்தில், இயக்குநர் இடங்கள் மாதக்கணக்கில் நிரப்பப்படாத நிறுவனத்தில், முடிவெடுக்கும் பொறுப்பே காலியாக இருக்கிறது.

இரண்டாங்கேள்வி: எவ்வளவு செலவு

அரசு நிதிக்கு வரவு செலவு மதிப்பீடு, திருத்த மதிப்பீடு, உண்மைச் செலவு என்று மூன்று நிலைகள் உண்டு. ஒதுக்கீட்டைக் கேட்டவருக்கு ஒதுக்கீடே பதிலாகக் கிடைக்கும்; செலவு தெரியாது. விடுவித்த தொகையைச் செலவாகக் காட்டுவதும் வழக்கம். நிறுவனத்தின் வங்கிக் கணக்கில் பணம் தூங்கினாலும் அரசின் ஏட்டில் அது செலவே. எனவே பயன்பாட்டுச் சான்றிதழ் எவ்வளவு தொகைக்கு வந்தது, எவ்வளவு நிலுவை என்ற கேள்வி அவசியம். அரசு தந்த உத்தரவாதத்தின்மீது நிறுவனம் வாங்கிய கடன் வரவு செலவுத் திட்டத்தின் செலவில் வராது. நிறுவனம் திருப்பிச் செலுத்தத் தவறினால் மட்டும் அது அரசின் சுமையாக மாறும். நட்டத்தில் இயங்கும் மின் நிறுவனங்களையும் போக்குவரத்துக் கழகங்களையும் ஆராய்வோர் சம்பளச் செலவைவிடக் கூர்ந்து பார்க்க வேண்டியது கடனையும் வட்டியையும்தான்.

நிதி வழங்கும் நேரத்திலும் அவைக்கு ஆயுதங்கள் உண்டு. மானியக் கோரிக்கையின்மீது வெட்டுத் தீர்மானம் கொண்டுவரலாம். கொள்கையை ஏற்காதபோது கோரிக்கையை ஒரு ரூபாயாகக் குறைக்கக் கோரும் தீர்மானம் உண்டு. சிக்கனத்துக்காகக் குறித்த தொகையை வெட்டக் கோருவதும், ஒரு குறையைச் சுட்டிக்காட்ட நூறு ரூபாய் குறைக்கக் கோருவதும் உண்டு. இவை நிறைவேறுவது அரிது. நிறைவேறாவிட்டாலும், குறிப்பிட்ட நிறுவனத்தின் கணக்கை அவையில் பேச வாயில் திறக்கின்றன.

மூன்றாங்கேள்வி: என்ன பயன்

மூன்றில் மிகக் கடினமானது இதுவே. செய்த வேலையும் விளைந்த பயனும் வேறு வேறு. ஊரகக் குடிநீருக்காக 2019 ஆகஸ்ட் 15 அன்று ஜல் ஜீவன் இயக்கம் அறிவிக்கப்பட்டபோது, குழாய் இணைப்பு பெற்றிருந்த ஊரகக் குடும்பங்கள் 3.23 கோடி. அதன்பின் எத்தனை இணைப்புகள் என்று கேட்டால் வேலையின் அளவு தெரியும். இயக்கம் தனக்கே வகுத்துக்கொண்ட அளவுகோலோ ஒருவருக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் நீர். அந்த நீர் தரத்தோடும் ஒழுங்காகவும் எத்தனை வீடுகளில் வருகிறது என்று கேட்டால்தான் பயன் தெரியும். நிறுவனம் தானே ஏற்றுக்கொண்ட இலக்கைக் கொண்டு அதை அளப்பதே நியாயமும் வலுவும் உள்ள கேள்வி. அமைச்சகத்துக்கும் பொதுத்துறை நிறுவனத்துக்கும் இடையே 1980களில் தொடங்கிய புரிந்துணர்வு ஒப்பந்த முறையும், 2005-06 இல் வந்த பயன் சார்ந்த வரவு செலவுத் திட்டமும் இத்தகைய இலக்குகளை எழுத்தில் தருகின்றன.

சரியான அலகும் முக்கியம். தமிழக அரசு 2021 ஆகஸ்டில் வெளியிட்ட நிதிநிலை வெள்ளை அறிக்கை, அரசுப் பேருந்து ஒரு கிலோமீட்டர் ஓடுவதில் 59.15 ரூபாய் இழப்பு என்றும், ஒரு யூனிட் மின்சாரத்தில் 2.36 ரூபாய் இழப்பு என்றும் கணக்கிட்டது. மொத்த நட்டம் இத்தனை ஆயிரம் கோடி என்பதைவிட இந்தக் கணக்கு மக்களுக்கு எளிதில் விளங்கும். ஆனால் இதுவும் பாதிக் கணக்கே. கட்டணமில்லாப் பயணம், மாணவர் சலுகை, வருவாய் இல்லாத மலைக்கிராம வழித்தடம் ஆகியவை அரசு இட்ட சமூகப் பணிகள். அவற்றுக்கான இழப்பீட்டை அரசு முழுமையாகக் கொடுத்ததா என்று கேட்காமல் நட்டத்தைக் கழகத்தின் திறமையின்மையாக எழுதிவிடுவது அநீதி.

ஆகவே ஆள், பணம், பயன் மூன்றையும் ஒரே நிறுவனத்துக்கு, ஒரே கால அளவுக்குச் சேர்த்துக் கேட்க வேண்டும். ஊழியர் குறைந்ததை மட்டும் கேட்டால் சிக்கனம் என்ற பதில் வரும். பேருந்துகள் நின்றனவா, ஆய்வகத்தில் சோதனைகள் தேங்கினவா என்பதையும் உடன் கேட்கும்போதுதான் அது சிக்கனமா சிதைவா என்பது புலப்படும்.

பதில்களும் உறுதிமொழிகளும்

பதில்கள் பல வகைப்படும். முழு விவரம் தருபவை உண்டு. பகுதிகளாகப் பிரித்த கேள்விக்குச் சேர்த்து ஒரே பதில் சொல்லிக் கடினமான பகுதியைத் தாண்டிவிடுபவை உண்டு. மத்திய அளவில் அத்தகைய புள்ளிவிவரம் பராமரிக்கப்படவில்லை என்பது மற்றொன்று. 2020 செப்டம்பரில், ஊரடங்கில் உயிரிழந்த புலம்பெயர் தொழிலாளரின் எண்ணிக்கை பற்றிய கேள்விக்கு இப்படித்தான் பதில் வந்தது. அரசு எதை எண்ணவில்லை என்பதை வெளிப்படுத்தியதால் அந்தப் பதிலும் ஒரு தகவலாயிற்று.

தகவல் திரட்டப்பட்டு அவையில் வைக்கப்படும், பரிசீலனையில் உள்ளது, கவனிக்கப்படும் போன்ற பதில்கள் தனி வகை. இவை உறுதிமொழிகளாகக் கருதப்படுகின்றன. எந்தெந்தச் சொற்றொடர் உறுதிமொழி ஆகும் என்பதற்குப் பட்டியலே இருக்கிறது. மக்களவையின் அரசு உறுதிமொழிக் குழு 1953 இலும், மாநிலங்களவையின் குழு 1972 இலும் அமைந்தன. உறுதிமொழியை மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும் என்பது நெறி. கால நீட்டிப்பு கேட்டு ஆண்டுகள் ஓடுவது வழக்கமாகிவிட்டாலும், மக்களவை கலைந்தாலும் உறுதிமொழி காலாவதி ஆவதில்லை. புதிய குழு அதைத் தொடர்கிறது. கிடைத்த பதிலில் தெளிவு போதாதபோது, மக்களவையில் அரை மணி நேர விவாதம் கேட்கவும் உறுப்பினருக்கு வழியுண்டு.

குழுக்களும் தணிக்கையும்

கேள்வி நேரத்தில் சில நிமிடங்களே கிடைக்கும் விஷயத்தைக் குழு மாதக்கணக்கில் ஆராயலாம். பொதுக் கணக்குக் குழு 1921 முதல் இயங்குகிறது. மக்களவையிலிருந்து 15, மாநிலங்களவையிலிருந்து 7 என்று 22 உறுப்பினர்கள். 1967 முதல் எதிர்க்கட்சியைச் சேர்ந்தவரே தலைவராக இருப்பது மரபு. அந்த மரபின் முதல் தலைவர் மினூ மசானி. மதிப்பீட்டுக் குழு 1950 இல் பிறந்தது. அதன் 30 பேரும் மக்களவையினர். முதல் தலைவர் அனந்தசயனம் அய்யங்கார். பொதுத்துறை நிறுவனங்கள் ஆண்டுதோறும் எப்படி இயங்கின என்பதைத் தொகுத்துத் தரும் அரசின் மதிப்பாய்வு அறிக்கையும் இந்தக் குழுவின் 73 ஆவது அறிக்கை தந்த பரிந்துரையால் வந்ததே.

1951 இல் மத்தியப் பொதுத்துறை நிறுவனங்கள் ஐந்து. முதலீடு 29 கோடி ரூபாய். அடுத்த பத்தாண்டில் எஃகு ஆலைகளும் கனரகத் தொழில்களும் எழுந்தபோது, அவற்றை மட்டும் ஆராயும் குழு தேவை என்ற குரல் முந்த்ரா விவகாரத்துக்குப் பின் வலுத்தது. 1963 நவம்பரில் தீர்மானம் நிறைவேறி, 1964 மே மாதம் பொதுத்துறை நிறுவனங்கள் குழு செயல்படத் தொடங்கியது. பனம்பிள்ளி கோவிந்த மேனன் முதல் தலைவர். தொடக்கத்தில் 15 ஆக இருந்த உறுப்பினர் எண்ணிக்கை 1974 இல் 22 ஆனது. அமைச்சர் உறுப்பினராக முடியாது. நிறுவனம் நல்ல வணிக நெறிகளின்படி நடத்தப்படுகிறதா என்று பார்ப்பது அதன் பணி. அரசின் பெருங்கொள்கையும் அன்றாட நிர்வாகமும் இங்கும் விலக்கு. குழு முதலில் விரிவான வினாப்பட்டியல் அனுப்புகிறது. நிறுவனத்தை நேரில் சென்று பார்க்கிறது. நிறுவனத் தலைவரையும் அமைச்சகச் செயலாளரையும் அழைத்து வாய்மொழிச் சாட்சியம் பெறுகிறது. பரிந்துரைகளுக்கு அரசு நடவடிக்கை அறிக்கை தர வேண்டும். ஏற்காத பரிந்துரைக்குக் காரணம் சொல்ல வேண்டும். 1993 முதல் துறைசார் நிலைக்குழுக்களும் இயங்குகின்றன. 2004 முதல் அவை 24. அந்தந்த அமைச்சகத்தின் மானியக் கோரிக்கைகளை அவை ஆராய்கின்றன.

இந்தக் குழுக்களின் கண் இந்தியக் கணக்குத் தணிக்கைத் தலைவர். 2013 ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டப்படி, அரசின் பங்கு 51 சதவீதத்துக்குக் குறையாத கம்பெனி அரசு கம்பெனி. அதன் தணிக்கையாளரை நியமிப்பவர் கணக்குத் தணிக்கைத் தலைவரே. துணைத் தணிக்கையும் செய்யலாம். நிறுவனத்தின் ஆண்டறிக்கை தணிக்கை அறிக்கையோடு நாடாளுமன்றத்தில் வைக்கப்பட வேண்டும். நிதியாண்டு முடிந்து ஒன்பது மாதத்துக்குள் அதை வைக்க வேண்டும், தாமதமானால் காரணம் கூறும் அறிக்கையும் சேர்க்க வேண்டும் என்பது மேசையில் வைக்கப்படும் தாள்களுக்கான குழு வகுத்த நெறி. காலந்தாழ்ந்து வரும் கணக்கு, தவறு செய்தவர் ஓய்வுபெற்ற பின் வரும் கணக்காகிவிடுகிறது.

தமிழகத்திலும் இலங்கையிலும்

தமிழ்நாடு சட்டமன்றப் பேரவையின் 234 உறுப்பினர்களும் இதே கருவிகளைக் கையாள்கிறார்கள். கேள்வி நேரம், கவன ஈர்ப்பு, பொதுக் கணக்குக் குழு, மதிப்பீட்டுக் குழு, பொது நிறுவனங்கள் குழு, உறுதிமொழிக் குழு அனைத்தும் உண்டு. மானியக் கோரிக்கையின்போது ஒவ்வொரு துறையும் வைக்கும் கொள்கை விளக்கக் குறிப்பில் அத்துறையின் கீழுள்ள கழகங்கள், வாரியங்களின் பணிகளும் நிதிநிலையும் இடம்பெறுகின்றன. எட்டுப் போக்குவரத்துக் கழகங்கள், மின் நிறுவனங்கள், நுகர்பொருள் வாணிபக் கழகம் போன்றவை தொகுதி மக்களின் அன்றாட வாழ்வைத் தொடுவதால், பேருந்தும் மின்கம்பமும் நெல் கொள்முதலும் பேரவைக் கேள்விகளில் திரும்பத் திரும்ப வருகின்றன. ஆள்சேர்ப்பில் ஒரு முக்கிய மாற்றம் 2022 இல் நிகழ்ந்தது. மாநிலப் பொதுத்துறை நிறுவனங்களுக்கும் வாரியங்களுக்கும் அரசுப் பணியாளர் தேர்வாணையமே ஆள் தெரிவு செய்ய வகைசெய்யும் சட்டம் இயற்றப்பட்டது. நியமனம் யார் கையில் என்பது தெளிவானால் காலியிடக் கேள்வியை யாரிடம் கேட்பது என்பதும் தெளிவாகிறது.

இலங்கையில் 1979 இல் அமைந்த அரசாங்கப் பொறுப்புமுயற்சிகள் பற்றிய குழு, கோப் குழு என்ற பெயரில் மக்களிடையே நன்கு அறிமுகமானது. 2015 பிப்ரவரியில் மத்திய வங்கி நடத்திய பிணைமுறி ஏலம் சர்ச்சையானபோது அந்தக் குழு விசாரணையில் இறங்கியது. அந்த ஆண்டு ஜூனில் நாடாளுமன்றம் கலைக்கப்பட்டதால் அறிக்கை வெளிவரவில்லை. அடுத்து அமைந்த குழு, சுனில் ஹந்துன்நெத்தி தலைமையில், 2016 அக்டோபரில் அறிக்கையைச் சமர்ப்பித்தது. 2017 இல் ஜனாதிபதி விசாரணை ஆணைக்குழு அமைந்தது. 2019 முதல் குழுவின் அமர்வுகளை ஊடகங்கள் நேரில் காண வழி திறந்தது. இந்தியாவில் குழுக்கள் மூடிய அறையில் கூடுகின்றன; அறிக்கை அவையில் வைக்கப்படும் வரை சாட்சியம் வெளியே வராது. மூடிய அறையில் கட்சி மறந்து பேச முடிகிறது என்பது அதன் நன்மை. நிறுவனத் தலைவர் என்ன பதில் சொன்னார் என்பதை மக்கள் காண முடியாமல் போவது அதன் விலை.

தடைகள்

முதல் தடை நேரம். பட்டியலிட்ட 20 கேள்விகளில் சிலவற்றுக்கே வாய்மொழிப் பதில் கிடைக்கிறது. 2019 நவம்பர் 27 அன்று மக்களவையில் 20 கேள்விகளும் எடுத்துக்கொள்ளப்பட்டன; 1972 க்குப் பின் அதுவே முதல் முறை. அமளியில் முதலில் பலியாவதும் கேள்வி நேரமே. 2020 செப்டம்பர் கூட்டத்தொடரில் பெருந்தொற்றைக் காரணம் காட்டிக் கேள்வி நேரம் நீக்கப்பட்டது. எழுத்துப் பதில்கள் மட்டும் தொடர்ந்தன. நிதி விவாதத்தின் நிலையும் இதுவே. விவாதிக்க நேரமில்லாத மானியக் கோரிக்கைகள் கடைசி நாளில் ஒட்டுமொத்தமாக வாக்கெடுப்புக்கு விடப்படுகின்றன. 2018 மார்ச்சில் மக்களவை வரவு செலவுத் திட்டத்தை விவாதமின்றியே நிறைவேற்றியது.

இரண்டாவது தடை கேட்பவரின் நேர்மை. 2005 டிசம்பரில், கேள்வி கேட்கப் பணம் பெற்றது அம்பலமானதால் 11 உறுப்பினர்கள் அவைகளிலிருந்து நீக்கப்பட்டார்கள். ஒப்பந்தத்தை இழந்த நிறுவனத்துக்காகக் கேட்கப்படும் கேள்வியும் மக்களுக்காகக் கேட்கப்படும் கேள்வியும் தாளில் ஒன்றுபோலவே இருக்கும் என்பதால், உறுப்பினரின் நலத்தொடர்புகளை வெளிப்படுத்தும் ஏற்பாடு கேள்வி முறையின் ஒரு பகுதியாகிறது.

மூன்றாவது தடை நிறுவனத்தின் வடிவம். அரசின் பங்கு 51 சதவீதத்துக்குக் கீழே சென்றால் நிறுவனம் அரசு கம்பெனி என்ற வரையறைக்கு வெளியே போய்விடும். நாடாளுமன்றத்தின் நேரடி ஆய்வும் அதோடு நின்றுவிடும். 2022 ஜனவரியில் கைமாறிய ஏர் இந்தியாவைப் பற்றிப் பல பத்தாண்டுகள் கேட்கப்பட்ட கேள்விகளுக்கு இப்போது பதில் சொல்லும் அமைச்சர் இல்லை. துணை நிறுவனங்கள், கூட்டு முயற்சிகள், தனி நோக்கக் கம்பெனிகள் வழியாகவும் பொதுப்பணம் கண்காணிப்பின் ஓரத்துக்கு நகர்கிறது. வணிக ரகசியம் என்ற காரணம் சில இடங்களில் நியாயமானது. போட்டி ஏலம் முடிந்து ஆண்டுகள் கழிந்த பின்னும் அதே காரணம் சொல்லப்பட்டால், அது காப்பது வணிகத்தை அல்ல.

தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 இல் வந்தபோது, நாடாளுமன்றத்துக்கு மறுக்க முடியாத தகவலைக் குடிமகனுக்கும் மறுக்கக் கூடாது என்ற வாசகம் அதன் 8(1) பிரிவில் இருந்தது. உறுப்பினரின் உரிமையும் வாக்காளரின் உரிமையும் அங்கே ஒரே வரியில் இணைந்திருந்தன. 2023 ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அந்தப் பகுதியை மாற்றி எழுதியது. இதனால் அவையில் பெறப்படும் பதிலின் மதிப்பு மேலும் கூடியிருக்கிறது.

தொடர்ச்சி

பொது நிறுவனத்தைப் பற்றிய கேள்வி பயன் தர வேண்டுமானால் அது ஒரு சுற்றை முடிக்க வேண்டும். தணிக்கை அறிக்கை சுட்டிய குறையைக் கேள்வி எடுத்துக்கொள்கிறது. பதிலில் எஞ்சியதைத் துணைக் கேள்வியோ அரை மணி நேர விவாதமோ தொடர்கிறது. நிலுவையில் வைத்ததை உறுதிமொழிக் குழு துரத்துகிறது. முழு ஆய்வைப் பொதுத்துறை நிறுவனங்கள் குழு செய்கிறது. பரிந்துரை நிறைவேறியதா என்று அடுத்த ஆண்டின் மானிய விவாதம் கேட்கிறது. 1957 இல் ராம் சுபக் சிங்கின் கேள்வி முதல் பதிலோடு முடிந்திருந்தால், அந்தப் பங்கு வாங்கல் கழகத்தின் ஆண்டறிக்கையில் ஒரு வரியாகவே நின்றிருக்கும். அதே தொகையை, அதே தேதியை வைத்துக்கொண்டு அவை மீண்டும் கேட்டதால்தான் உத்தரவு யாருடையது என்பது பதிவாயிற்று.